கட்டணமும் கதவும்: இரண்டு கத்தோலிக்கப் பள்ளிகள்

தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் ஓர் ஊர். ஊர் நடுவில் மாதா கோயில், கோயிலுக்கு வலப்பக்கம் கன்னியர் மடம், மடத்தை ஒட்டி ஓடு வேய்ந்த நீளக் கட்டடம். வாசல் வளைவில் நீலப் பெயின்டில் ‘ஆர்.சி. நடுநிலைப்பள்ளி’ என்று எழுதியிருக்கும். 1983-இல் அங்கே ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தேன். எங்கள் வீடு கடலோரத்தில் இல்லை. மேற்கே இரண்டு கிலோமீட்டர் தள்ளி, பனைவிளை ஓரத்தில். நாங்கள் வேதக்காரர்களும், அதாவது கிறிஸ்தவர்களும், இல்லை. ஆனாலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்றால் அந்த ‘சிஸ்டர் பள்ளிக்கூடம்’தான். எட்டாம் வகுப்பு முடிக்கும்வரை அங்கேதான் படித்தேன்.

2024 சனவரியிலிருந்து ஏப்ரல் வரை பிலடெல்பியாவின் புறநகர் ஒன்றில் தங்கை வீட்டில் இருந்தேன். தங்கை மகள் அங்கே ஒரு பங்குக் கோயிலின் பள்ளியில் நான்காம் வகுப்பு படித்தாள். மழலை வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை, என் பள்ளியைப் போலவே. கட்டம் போட்ட சீருடை, கோயிலை ஒட்டிய செங்கல் கட்டடம், நுழைவாயிலில் மாதா சுரூபம். அவளைக் கூட்டிவரப் போன முதல் நாளே மனசுக்குள் ஏதோ பழைய வாசனை. மூன்று மாதம் பார்த்துக்கொண்டே இருந்ததில், இரண்டு பள்ளிகளும் ஒரே தாய் வயிற்றில் பிறந்து வெவ்வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் என்று தோன்றியது. எங்கே பிரிந்தன என்று தேடினால், ஜெபத்திலோ பாடத்திலோ அல்லாமல், ஆசிரியரின் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்ற ஒரு கேள்வியில் போய் நிற்க வேண்டியிருக்கிறது. பள்ளிக்குள் யார் வரலாம், யார் சமைப்பது, பெற்றோர் எங்கே நிற்பது, பள்ளி என்றைக்கு மூடும் எல்லாமே அந்த இடத்திலிருந்து கிளைத்தவை.

பிறந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கடலோரத்தில் பிரான்சிஸ் சவேரியார் 1542-இல் வந்து இறங்கி, கையில் மணியை அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் எழுதிவைத்துக்கொண்ட ஜெபங்களைச் சொல்லிக் கொடுத்தார். பள்ளிகள் ஓர் ஒழுங்கான ஏற்பாடாக வளர்ந்தது மிகவும் பின்னால். 1844-இன் தொடக்கத்தில் ஆயர் கிளமென்ட் போனாந்து புதுச்சேரியில் பிரெஞ்சு மறைப்பணியாளர்களைக் கூட்டி ஒரு சங்கம் நடத்தினார். கல்விக்கு முதலிடம் கொடுக்க வேண்டும் என்று அங்கே முடிவானது. அதே ஆண்டு அக்டோபரில் தந்தை லூயி துப்புயி, பெண்பிள்ளைகளுக்குக் கற்பிப்பதற்கென்று மரியாவின் மாசற்ற இருதயத்தின் பெயரில் ஒரு கன்னியர் சபையைத் தொடங்கினார்.

அதே 1844-இல் பிலடெல்பியா எரிந்துகொண்டிருந்தது. அந்நகரின் பொதுப் பள்ளிகளில் புராட்டஸ்டன்ட் பைபிளைத்தான் வாசிப்பார்கள். கத்தோலிக்கப் பிள்ளைகள் தங்கள் பைபிளை வாசிக்க விடுங்கள் என்று ஆயர் கென்ரிக் 1842-இல் கேட்டிருந்தார். அந்தப் பூசல் முற்றி, 1844 மே மாதக் கலவரத்தில் புனித மிக்கேல் கோயிலும் புனித அகுஸ்தினார் கோயிலும் தீக்கிரையாயின. அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்த மக்கள், இனி நம் பிள்ளைகளுக்கு நம் பள்ளி என்று முடிவு கட்டினார்கள். 1852-இல் அந்நகர ஆயரான ஜான் நியூமன் பங்குப் பள்ளிகளை எல்லாம் ஒரே ஏற்பாட்டுக்குள் கொண்டுவந்தார். 1884-இல் பால்டிமோரில் கூடிய ஆயர்கள் சங்கம், இரண்டு ஆண்டுக்குள் ஒவ்வொரு பங்கும் ஒரு பள்ளி கட்ட வேண்டும் என்று கட்டளையே போட்டது.

ஆக, அங்கே பள்ளி வந்தது தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொள்ள. இங்கே வந்தது, எழுத்து போய்ச் சேராத வீடுகளுக்குள் எழுத்தைக் கொண்டுபோக. நூற்றெண்பது ஆண்டு கழித்தும் இரண்டு வாசலிலும் அந்தச் சாயல் போகவில்லை.

என் பள்ளியில் காலைக் கூட்டம் வேப்பமரத்தடியில். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு திருக்குறள், பிறகு பொதுவாக ஒரு ஜெபம். தங்கை மகளின் பள்ளியில் எட்டு மணிக்கு வகுப்பறை ஒலிபெருக்கி பேசும்: சிலுவை அடையாளம், ஜெபம், அமெரிக்கக் கொடிக்கு உறுதிமொழி, இன்று யாருக்குப் பிறந்தநாள், மதியம் என்ன சாப்பாடு. நண்பகலில் இரண்டு இடத்திலும் மூவேளை ஜெபம். எங்கள் ஊரில் கோயில் மணி பன்னிரண்டுக்கு அடித்தால், கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாலும் சரி, அடி வாங்கிக்கொண்டிருந்தாலும் சரி, அத்தனை பேரும் எழுந்து நிற்போம். அந்த ஜெபம் இன்னொரு மதத்துடையது என்பது எனக்கு ஆறாம் வகுப்பில்தான் உறைத்தது; அதற்குள் அது மனப்பாடம். பிலடெல்பியாவில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவள் ஆங்கிலத்தில் ஒரு வரி சொல்ல, நான் தமிழில் அடுத்த வரியைச் சொன்னேன். “பெரியம்மா, உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கண்ணை விரித்துக் கேட்டாள்.

அவளும் நானும் வேதம் அல்லாத வீட்டுப் பிள்ளைகள். ஆனால் பள்ளி எங்களை நடத்திய விதம் வேறு வேறு. என் பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் நடக்கும் நேரத்தில் எங்களுக்கு நன்னெறி வகுப்பு. அவர்கள் கோயில் மண்டபத்துக்குப் போவார்கள். நாங்கள் டீச்சரிடம் கதை கேட்போம். இது சிஸ்டரின் பெருந்தன்மை மட்டும் இல்லை. அரசு உதவி பெறும் பள்ளியில், சம்மதமில்லாத யாரையும் சமய போதனையில் உட்காரவைக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் சட்டம் பிரித்துவைத்ததை ஊர் சேர்த்துவைத்துவிடும். விபூதிப் புதனன்று கத்தோலிக்கப் பிள்ளைகள் நெற்றியில் சாம்பலோடு வருவார்கள். தினமும் திருநீறு பூசிப் பள்ளிக்கு வரும் எங்களுக்கு அன்று அவர்களும் நம்மைப் போல ஆகிவிட்டார்கள் என்ற சந்தோஷம். மாதா கோயில் கொடியேற்றத்துக்கு என் ஆச்சி மல்லிகைச் சரம் கட்டிக் கொடுத்தனுப்புவாள்.

தங்கை மகளுக்குத் தனி வகுப்பு கிடையாது. மறைக்கல்வியும் வாராந்தரத் திருப்பலியும் எல்லாருக்கும் உண்டு. சேரும்போதே பெற்றோர் அதற்கு ஒப்புக்கொண்டுதான் கையெழுத்திடுகிறார்கள். நற்கருணை நேரத்தில் கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகள் மார்பின் குறுக்கே கைகளை மடித்து வரிசையில் போனால், குருவானவர் தலையில் ஆசி மட்டும் வழங்குவார். அந்தத் திருப்பலிக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கொரு மழலை வகுப்புப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக வருவதைப் பார்க்க வேண்டும். உயரமான ஒரு பையன், தன் இடுப்பளவுகூட இல்லாத ஒரு பெண்பிள்ளைக்குப் பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுக்கிறான். ஆண்டு முழுக்க அவள் அவன் பொறுப்பு. எங்கள் பள்ளியில் இந்த உறவை யாரும் ஏற்படுத்த வேண்டியிருக்கவில்லை. ஒவ்வொருத்தியும் தம்பியையோ சித்தி மகளையோ இழுத்துக்கொண்டுதான் வருவாள். ஒற்றைப் பிள்ளைகள் பெருகிவிட்ட ஊரில் அதைத் திட்டம் போட்டுச் செய்கிறார்கள். திட்டம் போட்டாலும் அது நிஜமான அன்பாகத்தான் இருந்தது. அந்த ஆண்டு விபூதிப் புதனும் காதலர் தினமும் ஒரே நாளில், பிப்ரவரி 14-இல் வந்தன. பிள்ளைகள் வாழ்த்து அட்டை மாற்றிக்கொள்வதை முந்தின நாளுக்கு மாற்றிவைத்துவிட்டு, புதனன்று சாம்பலுக்கு வரிசையில் நின்றார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். நான் சேர்வதற்கு முந்தின ஆண்டு, 1982 சூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கியிருந்தார். கீரை சாம்பாரின் வாசனைக்கு மூன்றாம் மணி முடிவதற்குள்ளேயே தட்டு எடுத்துவைத்துக்கொள்வோம். படகு வைத்திருக்கிறவர் பிள்ளை, பனையேறி பிள்ளை, கோயில்பிள்ளை பேரன் எல்லாரும் ஒரே வரிசை. அதே பள்ளியில் 1960-களில் படித்த என் அம்மாவுக்கு வேறு நினைவு: அமெரிக்காவிலிருந்து வந்த பால் பவுடரைக் கரைத்துக் கொடுப்பார்களாம். கேர் நிறுவனம் 1961 முதல் அன்றைய சென்னை மாநிலத்தின் மதிய உணவுக்குப் பால் பவுடரும் மாவும் எண்ணெயும் அனுப்பியது. அமெரிக்கக் கத்தோலிக்கரின் துயர்துடைப்பு அமைப்பு 1946-இலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. பிலடெல்பியாவுக்கு அருகிலுள்ள அலன்டவுன் மறைமாவட்டத்தில் 1975-இல் தொடங்கிய ஒரு வழக்கம் இன்றும் அமெரிக்கக் கத்தோலிக்கப் பள்ளிகளில் உண்டு. தவக்காலத்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டைப் பெட்டி. ‘ரைஸ் போல்’ என்று பெயர். தின்பண்டத்துக்குக் கிடைக்கும் காசை நாற்பது நாளும் அதில் போட வேண்டும். அந்தக் காசில் பெரும்பகுதி போவது அதே துயர்துடைப்பு அமைப்புக்குத்தான். தங்கை மகள் தன் பெட்டியைக் குலுக்கிக் காட்டியபோது அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். “நான் குடிச்ச பாலுக்குப் பேத்தி காசு கட்டுறாளா” என்றாள்.

தங்கை மகளின் பள்ளியில் சாப்பாட்டுக் கூடத்தைக் கவனிப்பது தாய்மார்கள். முறை வைத்துக்கொண்டு வந்து மேசை துடைக்கிறார்கள், பால் டப்பா திறந்து கொடுக்கிறார்கள். என் தங்கைக்குச் செவ்வாய்க்கிழமை. நானும் கூடப் போகட்டுமா என்று கேட்டேன். முடியாதாம். பிள்ளைகள் அருகில் நின்று வேலை செய்ய மாநிலக் காவல்துறைச் சான்றும், சிறாரைக் கொடுமை செய்தவர் பட்டியலில் பெயர் இல்லை என்ற சான்றும் வேண்டும். அதன் பின்னே பெரிய காயம் இருக்கிறது. குருக்கள் சிலர் சிறுவர் சிறுமியருக்குச் செய்த கொடுமைகளையும், மேலிடம் அவற்றை மறைத்ததையும் பிலடெல்பியா கிராண்ட் ஜூரி 2005-இலும் 2011-இலும் அறிக்கையாக வெளியிட்டது. அந்த அவமானத்திலிருந்து கற்றுக்கொண்டு பள்ளி வாசலில் காவல் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் எந்தப் பள்ளியானாலும் இந்தக் காவல் வேண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது சம்பளக் கணக்கு. இதில்தான் இரண்டு நாடுகளும் நேர் எதிர்த் திசையில் போகின்றன.

பிலடெல்பியா இருக்கும் பென்சில்வேனியா மாநிலம் 1968-இல் ஒரு சட்டம் போட்டு, தனியார் பள்ளிகளில் கணக்கு, அறிவியல் போன்ற பாடங்களை நடத்துகிறவர்களின் சம்பளத்தில் ஒரு பங்கைத் தர முன்வந்தது. பயன் பெற்றவை பெரும்பாலும் கத்தோலிக்கப் பள்ளிகளே. 1971-இல் லெமன் எதிர் கர்ட்ஸ்மன் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. அரசும் சமயமும் அப்படிப் பின்னிக்கொள்ளக் கூடாது என்பது தீர்ப்பு. பேருந்துக் கட்டணம் தரலாம் என்று 1947-லேயே நியூ ஜெர்சி வழக்கொன்றில் தீர்ப்பாகியிருந்தது. அதனால்தான் தங்கை மகள் அரசுப் பள்ளி மாவட்டத்தின் மஞ்சள் பேருந்தில் ஏறிக் கோயில் பள்ளிக்குப் போகிறாள். ஏற்றிச் செல்ல அரசு, இறங்கிய பிறகு பெற்றோர் பணம்.

நம் அரசமைப்புச் சட்டம் எதிர்ப்பக்கமாகப் பேசுகிறது. சிறுபான்மையினர் தாங்கள் விரும்பும் கல்வி நிலையங்களை நடத்தலாம் என்று 30-ஆம் பிரிவு உரிமை தருகிறது; உதவி வழங்கும்போது சிறுபான்மையினர் நடத்துவது என்பதற்காகப் பாகுபாடு காட்டக் கூடாது என்றும் அதே பிரிவு அரசைக் கட்டுப்படுத்துகிறது. 1854-இன் வுட் அறிக்கையிலிருந்தே வந்த மானிய முறை தொடர்ந்தது. என் சிஸ்டர் தலைமையாசிரியருக்கும், வேலுச்சாமி கும்பிடும் என் கணக்கு சாருக்கும் மாதச் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வந்தது. தாளாளராகப் பங்குச்சாமியார் கையெழுத்துப் போடுவார். கட்டடம், வெள்ளையடிப்பு, கக்கூஸ் மடத்தின் செலவு. என் அப்பா எட்டு ஆண்டில் சல்லிக்காசு கட்டணம் கட்டவில்லை.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் பங்குப் பள்ளிக் கட்டணமும் மிகக் குறைவுதான். காரணம், வகுப்பறைகளில் நின்றவர்கள் கன்னியர். 1920 வாக்கில் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்களில் பத்தில் ஒன்பது பேர் துறவியர். சோற்றுக்கும் துணிக்குமான சிறு தொகைக்கு வாழ்நாள் முழுவதும் கற்பித்தார்கள். அரசு தராத மானியத்தை அந்தப் பெண்கள் தங்கள் உடம்பால் கொடுத்தார்கள் என்று சொல்வதில் மிகையில்லை. 1960-களின் தொடக்கத்தில் நாடெங்கும் ஏறத்தாழ 52 லட்சம் பிள்ளைகள் கத்தோலிக்கப் பள்ளிகளில் படித்தார்கள். பிறகு துறவற மடங்கள் காலியாயின. நகரத்தில் இருந்த குடும்பங்கள் புறநகருக்குப் பெயர்ந்தன. குடும்பம் காப்பாற்ற வேண்டிய ஆசிரியருக்கு முறையான சம்பளம் தர வேண்டியதாயிற்று; கட்டணம் ஆண்டுக்குப் பல ஆயிரம் டாலர் ஆயிற்று. இன்று மொத்தம் ஏறத்தாழ 17 லட்சம் பிள்ளைகள். ஆசிரியர்களில் துறவியர் நூற்றுக்கு மூன்று பேர். தங்கை மகளின் பள்ளியில் ஒரு சிஸ்டர்கூட இல்லை. நடைக்கூடச் சுவரில் பழைய நிழற்படங்களில் மட்டும் வரிசையாக நிற்கிறார்கள்.

இந்தப் பணநெருக்கடிதான் அந்தப் பள்ளியைச் சுற்றி அவ்வளவு நெருக்கமான ஒரு கூட்டத்தை உண்டாக்கியிருக்கிறது. தவக்கால வெள்ளியில் பள்ளி மண்டபத்தில் மீன் பொரியல் விருந்து. பொரிப்பவர்கள் அப்பாக்கள், பரிமாறுபவர்கள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள், வருமானம் பள்ளிக்கு. சீட்டுக் குலுக்கல், சாக்லேட் விற்பனை, பிங்கோ. ஒரு குடும்பம் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் உழைத்துத் தர வேண்டும் என்று கணக்கே உண்டு. மூன்றே வெள்ளியில் தங்கைக்கு எத்தனை பேரைத் தெரிந்திருக்கிறது என்று கண்டு மலைத்தேன். அவளுக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது இரண்டு வாரம் வீட்டில் அடுப்புப் பற்றவில்லையாம். பள்ளித் தாய்மார்கள் முறை போட்டுச் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் வைத்துப் போனார்களாம்.

என் அப்பா எட்டு ஆண்டில் பள்ளிக்குள் வந்தது மூன்று தடவை. தேர்ச்சி அட்டையில் கைநாட்டு வைக்க. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வருவார். பள்ளியைத் தாங்க அவர் தேவைப்படவில்லை. அதனால் பள்ளி தன்னுடையது என்று கடைசிவரை அவருக்குத் தோன்றவும் இல்லை. பள்ளிதான் எங்களைத் தேடி வந்தது. இரண்டு நாள் வராவிட்டால் சிஸ்டர் சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் குடையோடு பனைவிளைக்கே வந்துவிடுவார்: “பிள்ளய எங்க தாயி, பதநி காய்ச்ச நிறுத்திட்டியளா?” நான்காம் வகுப்பில் கூடப் படித்த ஒருவனின் அப்பா கடலிலிருந்து திரும்பவில்லை. மறுநாள் சிஸ்டர் வகுப்பு மொத்தத்தையும் வரிசையாக அந்த வீட்டுக்குக் கூட்டிப் போனார். நாங்கள் திண்ணையில் அவனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். யாரும் எதுவும் பேசவில்லை. அவன் மறு திங்களே பள்ளிக்கு வந்துவிட்டான்.

பெற்றோரின் கூட்டுறவு அவ்வளவு உறுதியாக இருந்தும் பிலடெல்பியாவில் பணம் வற்றிய இடங்களில் பள்ளி நிற்கவில்லை. 2012 சனவரியில் அம்மறைமாவட்டக் குழு ஒன்று நாற்பதுக்கும் மேற்பட்ட தொடக்கப்பள்ளிகளை மூடவோ இணைக்கவோ பரிந்துரைத்தது. சில, மேல்முறையீட்டில் தப்பின. நகரத்து ஏழைப் பகுதிகளில் பங்குகள் தாங்க முடியாத பள்ளிகள் சிலவற்றைப் பொதுநிலையினர் ஒன்றுசேர்ந்து நன்கொடையில் நடத்துகிறார்கள். அங்கே கறுப்பினப் பிள்ளைகளும் கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகளும் மிகுதி. நாடு முழுவதிலும் இப்போது ஐந்தில் ஒரு பிள்ளை கத்தோலிக்கர் அல்லாதவர். கோட்டையாகக் கட்டிய பள்ளி, மெல்லக் கதவைத் திறந்திருக்கிறது. கட்டணம்தான் இன்னும் குறுக்கே நிற்கிறது.

இங்கே கதவு திறந்தே இருந்தது என்று நான் பெருமைப்பட்டால் அது பாதி உண்மை. நம் கோயில்களுக்குள்ளேயே சாதிச் சுவர் இருந்திருக்கிறது. வடக்கன்குளத்தில் இரண்டு சாதியார் தனித்தனியே அமர 1872-இல் கட்டிய கோயிலின் நடுச்சுவரை இடிக்க 1910 ஆனது. அமெரிக்கக் கதையும் மெச்சும்படி இல்லை. பென்சில்வேனியாப் பள்ளிகளில் பல்லாயிரம் பிள்ளைகளை வளர்த்த மரியாவின் மாசற்ற இருதயப் பணியாளர் சபையை 1845-இல் தொடங்கியவர்களில் ஒருவரான தெரசா மாக்சிஸ், ஹெயிட்டியிலிருந்து வந்த தாய்க்குப் பிறந்த கறுப்பினக் கலப்புள்ள பெண். அந்த உண்மையை அவர் சபையினரே நெடுங்காலம் வெளியே சொல்லாமல் வைத்திருந்தார்கள்.

இன்றைய சுவர் எனக்கு இன்னும் வலிக்கிறது. என் பள்ளி வளாகத்தில் இப்போது இரண்டு வாசல். ஒன்று பழைய வளைவு. உள்ளே தமிழ்வழி, இலவசம், சத்துணவு, வகுப்புக்குப் பன்னிரண்டு பதினைந்து பிள்ளைகள். மறு வாசலில் அதே மடம் நடத்தும் ஆங்கிலவழி மெட்ரிக் பள்ளி. டை, வேன், கட்டணம், நெரிசல். நடுவில் கம்பிவேலி. ஒரே கோயில் மணிக்கு இரண்டு பக்கமும் எழுந்து நிற்கிறார்கள், விளையாடும்போது சேருவதில்லை. பிலடெல்பியாவில் பணம் உள்ளவர் பள்ளிக்கும் இல்லாதவர் பள்ளிக்கும் இடையே பல மைல் தூரம். இங்கே அது ஒரு கம்பிவேலி அகலம். அருகில் இருப்பதால் நம்முடையது குறைந்த தவறு ஆகிவிடாது. பிள்ளை தினமும் அதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறது.

இலவசக் கதவைத் திறந்துவைத்திருக்க அரசு இன்னும் கை கொடுக்கிறது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஊரகத்து உதவி பெறும் பள்ளிகளுக்கு விரிந்தது 2024 சூலை 15-இல், திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியின் புனித அன்னாள் தொடக்கப்பள்ளியில். நகரத்துப் பள்ளிகளுக்கு 2025 ஆகஸ்ட் 26-இல், மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில். இரண்டுமே ஆர்.சி. பள்ளிகள். கட்டணமில்லாத அந்த அடித்தளத்தைப் பிலடெல்பியாவுக்கு எடுத்துப்போக என்னால் ஆகாது. அது ஒரு நாட்டின் சட்டம். அங்கிருந்து இங்கே கொண்டுவர ஒன்று இருந்தது.

போன திருவிழாவுக்கு ஊருக்குப் போனபோது பழைய வளைவு வழியாக உள்ளே போய்த் தலைமையாசிரியர் சிஸ்டரைப் பார்த்தேன். என்னைவிட வயதில் சிறியவர். இங்கே படித்தவர்களும் பிள்ளைகளின் அம்மாக்களும் வாரத்தில் ஒரு நாள் வந்து ஏதாவது செய்யலாமா என்று கேட்டேன். “ஃபேன் வாங்கித் தர்றீங்களாக்கா?” என்றார். பணம் இல்லை சிஸ்டர், நேரம் என்றேன். கொஞ்சம் யோசித்தார். மூன்றாம் வகுப்பில் ஏழு பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வரவில்லை, வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு வருகிறீர்களா என்றார். காவல்துறைச் சான்று வாங்கி வருகிறேன் என்றதும், எதற்கு என்று கேட்டவர், சொன்னதும் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

இப்போது நான்கு பேர் போகிறோம். இரண்டு பேர் அந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள். மீன் கூடையை இறக்கிவைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வருகிறார்கள். செருப்பை வாசலில் கழற்ற வேண்டாம் என்று முதல் நாளே சிஸ்டர் சொல்லிவிட்டார்.